அண்ணனுக்கு என்மேல் மனத்தாங்கல் இருந்ததா?

என் அண்ணா, நீ தேயிலைக் காட்டில் கவ்வாத்துக் கத்தி பிடித்ததால் பேனா பிடிக்க முடிந்தவன் எழுதுகிறேன்.

முதலில் ஒரு முக்கியமான தீர்மானத்தைத் தெரிவித்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்கு ஆபீஸுக்குப் போடும் சிலுவாரில் போவதா, வேட்டியில் போவதா என்று மூன்று நாள் ஆலோசித்து, வேட்டியில் போவதென்று முடிவாயிற்று. நானே முன்மொழிந்தேன், நானே வழிமொழிந்தேன்.

உன் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கம்போங் ராஜாவில் கோஸ் தோட்டம் போட்டிருக்கிறார். மணவறையில் அப்பா இடத்தில் உட்கார்ந்து தாரை வார்க்க ஒருவர் வேண்டும். முறைப்படி அது சித்தப்பா. அதாவது நான். அதைக் கேட்கத்தான் வேட்டி.

ஆனால் அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். உனக்கு என்மேல் மனத்தாங்கல் இருந்ததா?

எழுபத்தாறில் செல்விக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆபீஸ் துண்டுச் சீட்டு கேட்டுக் காலையில் என் வீட்டுக்கு வந்தாய். ஆபீஸ் திறக்கட்டும், அங்கே வா என்றேன். வந்தாய். உனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி தன் அண்ணனுக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. எல்லோர் காதிலும் விழும்படி, "வரிசையில நில்லுங்க" என்றேன். என் நேர்மையைப் பார்த்திருந்தால் துரையே அசந்திருப்பார். அவர் அன்று லீவு.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாய். துண்டை வாங்கும்போது, "நன்றிங்க கிராணி" என்றாய்.

அதுவரை நான் தம்பி. அன்றிலிருந்து நீ சாகும்வரை கிராணி. நீ சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தீபாவளிப் பலகாரம்கூட வந்தது, "கிராணி வீட்டுக்கு" என்று.

அகராதியைப் புரட்டினேன். மனத்தாங்கல் என்றால் மனவருத்தம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். எழுதியவருக்குப் பங்காளிகள் கிடையாது போலிருக்கிறது. நம் லைன் வீடுகளில் அதற்குக் கொஞ்சம் விரிவான பொருள் உண்டு. சடங்குக்குச் சொல்லாவிட்டால் மனத்தாங்கல். பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் மனத்தாங்கல். தப்பு செய்தவன் நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்டால் அது தீர்ந்துவிடும். அதனால்தான் அண்ணா, உனக்கு அது இருந்திருக்க வேண்டும் என்று, நீ போன இந்த மூன்று வருடமாகச் சாமி கும்பிடுகிறேன். இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கு ஓர் இடம் உண்டு. இல்லையென்றால் நான் எங்கே போவேன்?

அண்ணி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். வேட்டியைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போகிற வழியா என்று விசாரித்தார்கள். செல்வி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"மனத்தாங்கலா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க கிராணி. தொரைமேல நமக்குக் கோவம் வரும், மனத்தாங்கல் வருமா? அது சொந்தக்காரங்க மேலதான வரும். அவரு உங்கள நெனச்சு வருத்தப்பட்டு நான் பாத்ததே இல்ல. டீயக் குடிங்க லா, ஆறுது."

அவர்கள் குரலில் ஒரு துளிக் கசப்பு இல்லை அண்ணா. இருந்திருக்கக் கூடாதா? நீயாவது ஒருமுறை என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? சாகக் கிடந்தபோது பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்? "கிராணிக்கு வேலை இருக்கும், அனுப்பி வையுங்க" என்று அண்ணியிடம் சொன்னாயே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? அக்கறை என்றா?

தாரை வார்க்கும் பேச்சை நான் எடுக்கவில்லை. டீயைக் குடித்தேன். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். நீ கோபித்துக்கொள்ளும்வரை விடமாட்டேன். வருடா வருடம் உன் திதியன்று வந்து இதையே கேட்பேன்.

கல்யாணப் பத்திரிகை நேற்று ஆபீஸுக்கு வந்தது. ரிங்லெட்டிலிருந்து அண்ணியின் தம்பி வந்து தாரை வார்க்கிறார்.

உன் தம்பி,
முத்தையா