சாய்த்துப் போட்ட மூன்றாம் துளை

மேஸ்திரி, கண்மாய்க்குள் நீங்கள் ஊன்றிய கம்பி முழங்கால் ஆழம் இறங்கியதே, அந்த இடம் உண்மையிலேயே இளகலா? அல்லது இறங்கும் இடமாகப் பார்த்துத்தான் ஊன்றினீர்களா? பத்து வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. விடை எனக்குத் தெரியாது. நீங்கள் இருந்தபோது கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

போன வாரம் புதுவயலிலிருந்து உங்கள் தம்பி வந்து, நீங்கள் காலமான செய்தியைச் சொல்லிவிட்டு, துணியில் சுற்றிய ஒரு கல்லையும் கொடுத்துப் போனார். துளையிலிருந்து எடுத்த, சாண் நீள உருளைக் கல். அதில் ஒட்டிய தாளில் உங்கள் கையெழுத்து: "மூன்றாம் துளை. சாய்வு." கல்லைத் தொட்ட விரலில், பென்சிலுக்குள் இருக்குமே அந்தக் கரி, ஒட்டிக்கொண்டது. நான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களிலும் அந்தக் கறை விழுந்தது.

பூமிக்குள் அந்தக் கரி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் அறுபத்தாறு மார்கழியில், துளை போடும் உங்கள் போர் லாரி வந்தது. கீழச்சிவல்பட்டிக்கு அப்பால் அந்தக் கண்மாய்ப் புறம்போக்கில் துளைக்கு அடையாளமாக மூன்று முளைகள் அடித்திருந்தார்கள். இரண்டு கரைக்கு வெளியே. மூன்றாவது கண்மாய்க்குள், தண்ணீர் ஏறாத மேட்டில், கருவேல மரங்களின் நடுவில். அந்த வருடம் நல்ல மழை. மரமெல்லாம் நாரைக் கூடு, கூட்டில் முட்டை. இயந்திரம் நிறுத்த வேண்டுமென்றால் அந்த மரங்களை வெட்ட வேண்டும்.

விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் நான் கூடுகளை எண்ணி, இனம் பிரித்து எழுதி, துளை போடுவதையே நிறுத்தக் கோரி உங்கள் ஆபீசரிடம் மனு கொடுத்தேன். அவர் சிரித்தார். "கொக்கு முட்டைக்காக அரசாங்கம் காத்திருக்குமாம்மா?"

அவர் ஜீப் போன பிறகு நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "கூடு எத்தனைன்னு எழுதுனீக டீச்சர். போரை எங்குட்டு இருந்து போடலாம்னு ஒரு வரி எழுதலியே?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீங்கள் சொன்னது சரி. வேண்டாம் என்பதற்கு ஆறு பக்கம் எழுதிய நான், வேறு எப்படி என்று யோசிக்கவே இல்லை. நீங்கள் குந்தி உட்கார்ந்து ஈர மண்ணில் விரலால் கோடு போட்டீர்கள். "நேராத்தான் இறக்கணும்னு சட்டமா? கரைக்கு வெளிய நின்னு சாச்சுப் போட்டா, மரத்துக்கு அடியில உள்ள கல்லு தானா வரும். நாலு நாள் கூடும். அம்புட்டுத்தான்."

அந்த நாலு நாளை யார் கேட்பது? ஆபீசர் ஒரு வார்த்தை சொன்னால் வேலையை விட்டுப் போக வேண்டிய தினக்கூலி மேஸ்திரி நீங்கள். வீட்டில் கைக்குழந்தை. அது தெரிந்தே, அவர் அடுத்த முறை வந்தபோது முளைக்குப் பக்கத்தில் கம்பியை ஊன்றிக் காட்டினீர்கள். "லாரி பொதைஞ்சா தூக்க ஆளில்ல சார். இறக்குன்னு எழுதிக் குடுங்க, இப்பவே இறக்கிடுறேன்." அவர் கம்பியையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கரைக்கு வெளியே சாய்த்துப் போடச் சொல்லிக் கையெழுத்திட்டார். இரண்டடி தள்ளி எருமைகள் குளம்பு பதியாமல் நடந்துபோனதை நான் முந்தின நாள் பார்த்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

புது இடத்துக்கு லாரி கரைமேல்தான் போக வேண்டும். அந்த ஊர்த் தலைவர், அம்பலக்காரர், குறுக்கே வந்து நின்றார். "கூடு கட்டுன மாசத்துல மாட்டு மணியவே வைக்கோல் அடைச்சுத்தான் இங்குட்டு ஓட்டுவோம். இது உறுமிக்கிட்டுப் போகுமாக்கும்? எஞ்சினை அமத்துங்கப்பு."

"அமத்துனா நீகளா தள்ளுவீக?" என்றீர்கள்.

"தள்ளுவானேன்? தேரே இழுக்குறோம்."

தேர்வடம் வந்தது. நாற்பது பேர் பிடித்தார்கள். நான் நம்பவில்லை. கரைக்கு வெளியே நாளெல்லாம் எஞ்சின் ஓடத்தானே போகிறது, இதில் என்ன லாபம் என்று கேட்டேன். "தூரத்து இரைச்சல் பழகிக்கிரும் தாயி. பக்கத்துல திடுக்குனு கேட்டா முட்டைய விட்டுட்டுப் பறந்துரும். அம்புட்டும் காக்காய்க்கு" என்றார் அம்பலக்காரர். நிரூபணம் இல்லாத பேச்சு என்று நினைத்தேன். குடையும் நோட்டுமாக ஒதுங்கி நின்று, எத்தனை பறவை எழுகிறது என்று குறித்தேன். எழுந்தவை ஐந்து. வடத்தைப் பிடித்தபடி நீங்கள் கத்தினீர்கள்: "டீச்சர், நீங்க எழுதுறதுல லாரி நகருதான்னு பாருங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நான் வடத்தைத் தொடவில்லை.

இப்போது வேறொரு போர் லாரி வந்திருக்கிறது. போன முறை பார்த்தது போதாதாம்; இன்னும் ஆழம் போக வேண்டுமாம். கண்மாய்க்குள், மரங்களின் நடுவில், மறுபடி முளை. மறுபடி மார்கழி. ஆபீசர் புதியவர். இந்தத் தடவை நான் கூடுகளை எண்ணி மட்டும் கொடுக்கப் போவதில்லை. நாளைக் காலை உங்கள் கல்லோடு போகிறேன். எங்குட்டு இருந்து என்ற கேள்விதான் நான் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அது தேய்வதாக இல்லை.

நேற்று இத்தோடு நிறுத்தியிருந்தேன். இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஆபீசர் கல்லை வாங்கித் திருப்பினார். விரலில் கரி ஒட்டியது. தாளைப் படித்துவிட்டு, "உள்ளே தரை இளகல்னு பழைய ஃபைல்ல இருக்கு. நிஜமா?" என்றார்.

"எனக்குத் தெரியாது. சாய்த்துப் போட்டால் கல் கிடைக்கும் என்பது தெரியும். அது உங்கள் கையில் இருக்கிறது" என்றேன்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தார். பிறகு முளையைப் பிடுங்கி வெளியே அடிக்கச் சொன்னார். கரையில் அம்பலக்காரர் வடத்தோடு காத்திருந்தார். இப்போது அவருக்குக் கோல் வேண்டியிருக்கிறது. எஞ்சினை அமர்த்தினார்கள். நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு நானும் வடத்தைப் பிடித்தேன். எத்தனை பறவை எழுந்தது என்று பார்க்கவில்லை. லாரி நகர்ந்தது.