ஃபிரிட்ஜின் முதுகில் எழுதிய மாதம்

ஆகஸ்ட் 10, வெள்ளி

கீழ் வீட்டை இன்று வாடகைக்கு விட்டேன். மாதம் ஆயிரத்து இருநூறு கிழக்குக் கரீபியன் டாலர், கரண்ட் தனி. புருஷன் பெண்டாட்டி, அமெரிக்காவில் மினசோட்டாவிலிருந்து வந்திருக்கிறார்கள். டாக்டருக்குப் படிக்கப் போவது அவள், பெயர் பிரிட்டா. முன்னே ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவளாம். கூட வந்திருப்பவன் டேல். குளிர் நாட்டில் வீடுகளைச் சூடாக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். கிரெனடாவில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

என் பழைய சாமான் கடைக்குள் வந்ததும் வராததுமாக, "இந்தக் கட்டில் என்ன விலை?" என்றான். நான் தட்டுகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். திரும்பக் கேட்டான், சத்தமாக. மூன்றாவது தடவை இன்னும் சத்தமாக. லாரி ஓட்டும் காட்வின் கூரையைப் பார்த்து விசிலடித்தான். கடைசியில் போனால் போகிறது என்று விலையைச் சொன்னேன்.

கட்டில், மேஜை, மின்விசிறி, ஒரு ஃபிரிட்ஜ் எடுத்துக்கொண்டார்கள். என் வழக்கப்படி ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் மாதத்தை எழுதிவிட்டுத்தான் லாரியில் ஏற்றச் சொன்னேன். அந்தப் பொருள் என்னிடம் திரும்பி வரும் மாதம். பதினொரு வருஷமாக இந்த மாணவர்களிடம் விற்று, வாங்கி, விற்கிறேன். ஆள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இவர்களுக்கு டிசம்பர் என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 15, புதன்

கார்னிவல் முடிந்தது. வாசலெல்லாம் ஜிகினாத் தூள். கடை திறக்கவில்லை, கால் வலி.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

அவள் காலை ஆறரைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறாள். இவன் பகல் பூரா கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறான். வேலை பார்க்க அனுமதிச் சீட்டு கிடையாது.

காட்வின் சொல்கிறான்: "நம்ம ஊர்ல சட்டி பானைக்கே வேர்க்குது மிஸ் லிஸ்ட்ரா. இவரு வீட்டுக்குச் சூடு ஏத்துவாராம்!"

இன்று நான் வந்த பஸ்ஸில்தான் அவனும் ஏறினான். ஏறினான், உட்கார்ந்தான், அவ்வளவுதான். வாயே திறக்கவில்லை. பதினான்கு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நானும்தான்.

செப்டம்பர் 11, செவ்வாய்

சந்தையில் தக்காளி கேட்டிருக்கிறான். குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே அந்தப் பொம்பளை "இல்ல" என்றிருக்கிறாள். சாயங்காலம் அவன் பிரிட்டாவிடம் சொல்வது பலகைத் தரை வழியாக மேலே கேட்டது. "இந்தத் தீவுல ஒருத்தருக்கும் என்னப் பிடிக்கல. எம் மூஞ்சியப் பாத்தாலே திரும்பிக்கிறாங்க. நான் என்ன செஞ்சேன்?"

என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். காலையில் எதிரே வருகிறவர்களுக்கு ஒரு குட் மார்னிங் சொல்லத் தெரியாத ஆளை மனுஷனாக யார் மதிப்பார்கள்? ஆனால் முப்பத்து மூன்று வயது ஆண்பிள்ளைக்கு மரியாதை சொல்லிக் கொடுப்பது என் வேலையில்லை. சொன்னால் குத்தலாகவும் இருக்கும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அவர்கள் போனால் சாமான் எனக்கு.

செப்டம்பர் 30, ஞாயிறு

ஈரப்பலாவைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து ஆயில்டவுன் செய்தேன். பானை பெரிது, அதனால் கீழே ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன். தட்டைக் கழுவிக்கொண்டு பிரிட்டாவே மேலே வந்தாள். இளைத்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"மிஸ் லிஸ்ட்ரா, பகல்ல அவர் சாப்பிடறாரா? உங்களுக்குத் தெரியுதா?"

"உங்க வீட்டுக்காரர் சாப்பாட்ட நான் பாத்துக்கிட்டிருக்கேனா?" என்றேன்.

சிரித்தாள். பிறகு படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எட்டு வருஷம் ஆம்புலன்ஸ்ல ஓடிச் சேத்துத்தான் இங்க வந்தேன். அவர் தன் கடைய வித்துட்டு என்கூட வந்தார். அவர் திரும்பிப் போனா நானும் பொட்டி கட்டிருவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

இரண்டு மாதப் பழக்கத்தில் இதை ஏன் என்னிடம் சொன்னாள்? வேறு ஆள் இல்லை போலிருக்கிறது.

அக்டோபர் 9, செவ்வாய்

அவள் வகுப்புக்குப் போன பிறகு டேல் கடைக்கு வந்தான். நேரே விஷயம். எல்லாச் சாமானையும் விற்க வேண்டும், பாதி விலைக்கும் குறைந்தாலும் சரி. இருபத்தேழாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். ஒரே ஒரு டிக்கெட்.

"அவகிட்ட இன்னும் சொல்லல. நீங்களும் சொல்ல வேண்டாம்."

விற்க வருகிறவன் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பஸ் நிலையத்தில் தட்டில் புளி உருண்டை வைத்து விற்ற நாளிலிருந்தே அப்படித்தான். தொழில் நிற்பதே அதில்.

நானூற்றைம்பதுக்குக் கொடுத்த கட்டிலை இருநூறுக்குத் தருகிறேன் என்றான். நல்ல லாபம். சரி என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். "சனிக்கிழமை சொல்றேன்" என்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. அன்றைக்குத் தட்டை அவள் நன்றாகத் துலக்கிக் கொடுத்ததாலா?

போகும்போது கடைக்குப் பின்னால் கொட்டகையில் கிடக்கும் ஏழு ஃபிரிட்ஜையும் பார்த்து, "இதுகளுக்கு என்ன?" என்றான்.

"செத்துப்போச்சு" என்றேன். அவன் ஒரு தடவை கேட்டதுமே பதில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஒன்றின் பின்புறம் கையை வைத்து, டாக்டர் மாதிரிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றான்.

அக்டோபர் 12, வெள்ளி

மூன்று நாளாகக் கொட்டகையிலேயே கிடக்கிறான். நான் செய்யச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏழில் மூன்று ஓடுகிறது. ஒன்றில் தண்ணீர் கட்டியாக உறைந்துவிட்டது.

"சூடு ஏத்துறதும் எறக்குறதும் ஒரே வேலதான்" என்றான், யாரையும் பார்க்காமல்.

காட்வின் அவனுக்கு டார்ச் பிடித்தான். ஆனால் பேசவில்லை. அதில் அவன் பிடிவாதக்காரன்.

அக்டோபர் 13, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் அயாந்தி வந்தாள். எதிர்வீட்டுக்காரி. காலேஜில் அவளுக்கு ஒரு வேலை, நோயாளியாக நடிப்பது. மாணவர்கள் வந்து அவளிடம் நோயை விசாரிக்கப் பழகுவார்கள். இந்த வாரம் அவளுக்கு நெஞ்சு வலி கொடுத்திருந்தார்களாம்.

"குட் ஆஃப்டர்நூன் லிஸ்ட்ரா, குட் ஆஃப்டர்நூன் காட்வின்" என்று சொல்லிவிட்டு உட்காருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"கேளுடி. ஒரு பொண்ணு வந்தா. வெள்ள முடி, கழுத்துல மச்சம். கதவத் தெறந்தா, கட்டில்கிட்ட வந்தா, 'எங்க வலிக்குது'ன்னா. ஒரு குட் மார்னிங் இல்ல, எப்படி இருக்கீங்க இல்ல. ஏம்மா, நான் என்ன நாற்காலியா?"

"நீ என்ன சொன்ன?" என்றான் காட்வின்.

"வலியே இல்லன்னுட்டேன்."

"நெஞ்சு வலி?"

"வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்! இன்னும் இங்கதான் இருக்கு, வேணுமா உனக்கு?"

காட்வின் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். கொட்டகைப் பக்கக் கதவு திறந்திருந்ததை மறந்துபோனேன்.

நாலாவது ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து டேல் எழுந்து நின்றான். கையெல்லாம் கரி. "அது என் பெண்டாட்டி" என்றான். "ராத்திரி அழுதா. நோயாளி ஒண்ணுமே சொல்ல மாட்டேன்னுட்டாங்க, எதத் தப்பாக் கேட்டேன்னு தெரியலன்னு அழுதா. இதுக்காகவா?"

அயாந்தி கூரையைப் பார்த்தாள். காட்வின் தன் செருப்பைப் பார்த்தான்.

அவன் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். பஸ், தக்காளி, கட்டில் விலை எல்லாம் அவன் தலைக்குள் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்காருவது எனக்குத் தெரிந்தது. துணியில் கையைத் துடைத்தான். கடை வாசல் வழியாக வெளியே போய்க் கதவைச் சாத்தினான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

கதவு திறந்தது.

"குட் ஆஃப்டர்நூன், எல்லாருக்கும்."

"குட் ஆஃப்டர்நூன் தம்பி!" என்றாள் அயாந்தி. "வாங்க வாங்க. ஊருக்கு எப்ப வந்தீங்க?"

"ரெண்டு மாசம் ஆச்சு" என்றான். "இப்பத்தான் வந்து சேந்தேன்."

காட்வின் எழுந்து போய் அவனுக்கு ஒரு பாட்டில் குளிர்ந்த மால்ட் பானம் எடுத்துக் கொடுத்தான். அவன் பழுது பார்த்த ஃபிரிட்ஜிலிருந்து.

கட்டிலைப் பற்றி அவன் கேட்கவில்லை. சனிக்கிழமை சொல்கிறேன் என்றிருந்த நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

கீழே கதவு திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது. "குட் மார்னிங், நான் பிரிட்டா, இன்னிக்கு எப்படி இருக்கீங்க?" "வேகம் வேகம், மெதுவா வா. மறுபடி." உள்ளே கட்டிலில் நோயாளியாகப் படுத்திருப்பது அவன். பத்தொன்பது தடவை எண்ணினேன். அதற்கு மேல் சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 20, சனி

பஸ்காரன் அவனிடம் அம்மா சௌக்கியமா என்று கேட்டானாம். அவன் அம்மாவை இந்த ஊரில் யார் கண்டது! தக்காளிக்காரி இரண்டு கூடுதலாகப் போட்டாளாம். எல்லாவற்றையும் கொட்டகையில் வந்து காட்வினிடம் சொல்கிறான். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. முன்பே தேவலையோ?

டிக்கெட்டைப் பற்றிப் பேச்சில்லை. தேதியும் மாறவில்லை.

அக்டோபர் 25, வியாழன்

விடுமுறை நாள். அயாந்தி மீன் பொரித்துக் கொண்டுவந்தாள். நேற்று நிஜப் பரீட்சை. அதே பெண், அதே நெஞ்சு வலி.

"குட் மார்னிங் சொன்னா. உக்காரலாமான்னு கேட்டா. எங்கம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டா. எங்கம்மா செத்து இருபது வருஷம்! இருந்தாலும் மனசு கேக்கலடி. நெஞ்சு வலி, இடது கை வலி, எங்கப்பாவுக்கு வந்த வலி, எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

பிரிட்டா பாஸ்.

அக்டோபர் 27, சனி

மதிய விமானம் கடைக்கு மேலே போயிற்று. பின்னால் கொட்டகையில் சுத்தியல் சத்தம் நிற்கவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

டிக்கெட் விஷயத்தை அவனே அவளிடம் சொல்லிவிட்டான். சொல்லாமலே விட்டிருக்கலாம், பணம் போனதோடு போயிருக்கும். ஆனால் சொன்னான். இரண்டு நாளாகக் கீழே பேச்சுச் சத்தம் இல்லை.

இன்று பிரிட்டா மேலே வந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல? அன்னிக்கு உங்ககிட்டதானே வந்து சொன்னேன், அவர் போனா நானும் போயிருவேன்னு."

"நான் சாமான் வாங்கறவ. விக்கிறவங்க ரகசியத்த வெளிய சொல்றதில்ல."

"பஸ்ல ஏன் எல்லாரும் திரும்பிக்கிறாங்கன்னும் தெரியும், இல்ல? அது யார் ரகசியம்?"

அவள் இறங்கிப் போனாள். வந்தபோதும் குட் ஈவ்னிங் இல்லை, போகும்போதும் ஒரு வார்த்தை இல்லை.

முகம் திருப்பிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை. வாயுவாகவும் இருக்கலாம்.

நவம்பர் 7, புதன்

காலை ஆறரைக்குக் கீழ்ப்படியில் போய் நின்றேன். பையோடு வெளியே வந்தாள். "குட் மார்னிங், பிரிட்டா" என்றேன். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "குட் மார்னிங், மிஸ் லிஸ்ட்ரா."

நவம்பர் 19, திங்கள்

டேலுக்கு வேலை அனுமதி கேட்டு என் பெயரில் மனு கொடுத்தேன். மூன்று படிவம், நாலு போட்டோ. வர மாதங்கள் ஆகுமாம். ஆகட்டும்.

கீழே மறுபடி பேசுகிறார்கள். சண்டைதான். ஆனால் பேச்சு.

டிசம்பர் 8, சனி

போகிற மாணவர்கள் எல்லோரும் இன்று சாமான் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆறு கட்டில், பதினொரு மின்விசிறி, எண்ண முடியாத சட்டிகள். கடையில் கால் வைக்க இடமில்லை.

டேலும் பிரிட்டாவும் மத்தியானம் வந்தார்கள். குட் ஆஃப்டர்நூன் சொன்னார்கள், சொன்னேன். கீழ் வீட்டை இங்கே படிப்பு முடியும் வரை, இரண்டு வருஷத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பேரம். அவள் கெட்டிக்காரி, அவனைப் பேசவே விடவில்லை.

பிறகு கீழ் வீட்டுக்குப் போய் அவர்களுடைய ஃபிரிட்ஜை நகர்த்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். முதுகிலிருந்த டிசம்பரைக் காட்டி, என்னிடம் திரும்பி வரும் மாதம் அது என்றேன். இரண்டு பேரும் குனிந்து படித்தார்கள். ரப்பர் வைத்திருக்கிறாயா என்று அவளிடம் கேட்டு வாங்கி, நானே அழித்தேன். வேறு மாதம் எதுவும் எழுதவில்லை.

பேசி முடித்தது இது: இரண்டு வருஷத்துக்கு மாத வாடகை ஆயிரம், கரண்ட் தனி. அனுமதி வந்த பிறகு அவன் பழுது பார்த்து விற்கும் ஒவ்வொரு ஃபிரிட்ஜின் லாபத்திலும் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. பிரிட்டா கையால் எழுதிச் சேர்த்த கடைசி வரி: யார் யார் வாசலுக்கு வந்தாலும், வந்தவர் குட் மார்னிங் சொல்ல மறந்தால் வாசலில் இருப்பவர் முதலில் சொல்லிவிட வேண்டும்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.