சன்னலில் சிவந்த தட்டு

இன்று காலை நேற்றைய இட்லியில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து, "ஐயோ, ரத்தம்!" என்று கத்திவிட்டேன். வீடே ஓடி வந்தது. "அப்பா அழகைப் பாருங்கோடி! காலேஜ்லே கிருமித் தட்டு அலம்பறவராம்!" என்றாள் என் மனைவி. அந்தச் சிவப்பை எனக்கு அடையாளம் காட்டியவர் நீங்கள். போன மாதம் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அது மட்டும் என் வீடு தேடி வந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம், எங்கள் மைசூர்க் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு நீங்கள் புது டெமான்ஸ்ட்ரேட்டர். நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த அட்டெண்டர். வயதில் சின்னவரானாலும் உங்களை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். சிவப்பாக வளரும் கிருமியைப் பன்னிரண்டு தட்டுகளில் இட்டு, சூட்டுப் பெட்டியில் வைக்கச் சொன்னீர்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஆறு தட்டு அலமாரியில் குங்குமமாக இருந்தது. பெட்டிக்குள் இருந்த ஆறும் வெள்ளை வெளேர்.

"வெள்ளை வேற கிருமி. இவன் அழுக்குக் கை பட்டிருக்கு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் புரொபசர்.

வீட்டில் மூன்று பெண்கள். நான் வாய் திறக்கவில்லை. நீங்கள் திறந்தீர்கள்.

"பாதியை வெளியே வைக்கச் சொன்னது நான்தான், சார். ரெண்டும் ஒரே கிருமி. சூடு கூடினா சாயம் பண்ணாது."

"நிரூபிக்காட்டா?"

"என்னையும் சேர்த்து அனுப்புங்கோ."

வெள்ளையில் ஒரு துளி எடுத்துப் புதுத் தட்டில் கீறிச் சன்னலில் வைத்தீர்கள். சிவப்பில் ஒரு துளி பெட்டிக்குள் போனது. மூன்றாம் நாள் சன்னல் சிவந்தது, பெட்டி வெளுத்தது. புரொபசர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

"ஏன் ரங்கண்ணா, பெட்டியிலே புளி வாசனை அடிக்கறதே?"

"எலியா இருக்கும்மா."

"எலிக்குப் புளி வாசனையா? ஹோகலி, விடுங்கோ" என்று சிரித்தீர்கள்.

சென்ற வாரம் என் கடைசிப் பெண்ணை மக்கு என்றார் பள்ளிக்கூட வாத்தியார். "எங்கே உட்கார வெச்சிருக்கேள்?" என்று கேட்டேன். கடைசி வரிசையாம். "முன்னாலே வெச்சு மூணு நாள் பாருங்கோ. அப்புறம் மக்கு யாருன்னு பேசலாம்" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.

அங்கே வாய் திறந்தவன் உங்களிடம் மட்டும் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மதியச் சோறு சூடாக இருக்கட்டும் என்று பெட்டிக்குள் வைக்க, ஆறு தட்டுகளை வெளியே எடுத்தேன். திரும்ப வைக்க மறந்துவிட்டேன். அந்தப் புளியோதரை என்னுடையது, அம்மா.