பவானியின் அளவு

கௌமாரி துணை

கூடலூர்,
16.1.2025

அன்பு கயலுக்கு,

நேற்று நம் வீட்டில் பவானிக்குக் கன்னி கும்பிட்டோம். இருந்தவர்கள்: உன் அண்ணன், நான், உன் சித்தப்பா சுருளியாண்டி, சித்தி மூக்கம்மாள், உன் மகள் மகிழ். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

முறை உனக்குத் தெரியும். புதுத்துணியை ஓலைப்பெட்டியில் வைத்துப் படைத்துவிட்டு, போன வருசத்துத் துணியை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு உடுத்திவிட வேண்டும். என் பவானி தோட்டத்துக் கிணற்றில் போனபோது வயசு ஏழு. இருந்திருந்தால் இந்நேரம் பிளஸ் டூ. அதனால்தான் வருசா வருசம் பாவாடையை ஒரு சுற்றுக் கூட்டியே எடுத்து வருகிறேன். இந்தத் தடவை முதன்முதலாகத் தாவணி. தையல்காரர், "யாருக்கும்மா?" என்றார். "மகளுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

பழைய பாவாடை சட்டையை இந்த வருசம் மகிழுக்கு உடுத்திவிட்டேன். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது எங்கே நிற்கும்? இடுப்பில் நாலு மடிப்பு வைத்து ஊக்குக் குத்தினேன். சாப்பிட உட்கார்ந்தபோது தன் இலையை இழுத்துக்கொண்டு போய்ப் படையல் இலைக்கு எதிரே போட்டுக்கொண்டாள். உன் சித்தி, "அடி ஆத்தா, சாமிக்கே கம்பெனி குடுக்கிறாளே! வடையை மட்டும் பங்கு கேட்டுறாதடி" என்று சிரித்தாக. அதற்கு மகிழ் சொன்னதைத்தான் உனக்கு எழுத வேண்டும்.

"அவளுக்கும் இது பெருசுதான் அத்தே. நீ எப்பவும் பெருசாவே வாங்கித் தர்றியாம். தடுக்கித் தடுக்கி விழுறாளாம்."

வருசா வருசம் அளவு கூட்டி எடுப்பது என்னையும் தையல்காரரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. உன் அண்ணனுக்கே தெரியாது.

போனில் பேசினால் மகிழ் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அங்கே பனி அதிகம் என்றாய். காதுக்குக் கட்டிக்கொள்.

மதினி,
முத்துமாரி

லீட்ஸ்,
19.1.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை மட்டும்தான் பயந்தேன்.

ஒரு வருசப் படிப்புக்காகப் பிள்ளையை உங்களிடம் விட்டுவிட்டு வந்தவள் நான். நீங்கள் அவளைத் தங்கமாகப் பார்ப்பீர்கள் என்ற தைரியம்தான். அவளைக் கண்டிக்காதீர்கள் மதினி. நான் இங்கே படிப்பதே இதைத்தான். இருநூறு வருசத்துக்கு முன்னால் இந்த நாட்டில் கவிஞர்கள் சிலர் இருந்தார்கள். பிள்ளை வரும்போதே ஒரு வெளிச்சத்தோடு வருகிறது, வளர வளர நாம்தான் அதை மங்க வைக்கிறோம் என்று நம்பினவர்கள். பயம் தெரியாதவரை பிள்ளைக்கு உலகம் முழுசாகத் தெரியும். அடிபட்ட பிறகு நமக்குத் தெரிவது பாதிதான். ஒரே விஷயத்தைப் பிள்ளை பாடினால் ஒரு பாட்டு, அடிபட்டவர் பாடினால் வேறு பாட்டு.

மகிழ் முதல் பாட்டில் இருக்கிறாள். நீங்கள் ரெண்டாவது பாட்டில் இருக்கிறீர்கள். அவ்வளவுதான். மடிப்பு வைத்த பாவாடையில் அவளே தடுக்கியிருப்பாள். அதைப் பவானியின் வாயில் போட்டுச் சொல்லியிருப்பாள்.

இன்னும் என்னென்ன சொல்கிறாள் என்று அப்படியே எழுதி அனுப்புங்கள். ஒரு வார்த்தை மாற்றாமல்.

உங்கள்,
கயல்

கௌமாரி துணை

கூடலூர்,
2.2.2025

அன்பு கயலுக்கு,

நீ சொன்னபடி கண்டிக்கவில்லை. கேட்டபடி எழுதுகிறேன்.

மத்தியானம் உன் அண்ணன் சாப்பிட்டுக் கண் அசந்ததும் மகிழ் தோட்டத்துக்குப் போய்விடுகிறாள். திராட்சைக் கொடி பந்தலை மூடிக் கிடக்கிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் அங்கன பச்சையாகத்தான் வெளிச்சம் விழுகிறது. பறவைக்கு வலை கட்டியிருப்பதால் ஒரு குருவிச் சத்தம்கூடக் கிடையாது. கடைசி வரிசை தாண்டினால் கிணறு. பவானிக்குப் பிறகு அதற்கு இரும்புக் கம்பி வலை போட்டு, அதில் ஒரு கதவும் வைத்துப் பூட்டியிருக்கிறோம். சாவி என் தாலிக்கயிற்று ஊக்கில் கிடக்கிறது. அந்த வலைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு உன் பிள்ளை பேசுகிறாள். பேசுகிறாள், நிறுத்துகிறாள், தலையாட்டுகிறாள், மறுபடி பேசுகிறாள். பதில் கேட்கிறவர்கள்தான் அவ்வளவு நேரம் சும்மா இருப்பார்கள்.

நீ அனுப்பிய பச்சைக் கவுனைக் காணோம் என்று தேடினேன். வியாழக்கிழமை கிணற்றில் கிடந்தது. காற்று உப்பி, கை ரெண்டும் விரிந்து, யாரோ போட்டுக்கொண்டு மல்லாந்து மிதப்பதுபோல.

"அவளுக்குச் சரியான அளவு அதுதான் அத்தே. நான்தான் வலை ஓட்டை வழியா குடுத்தேன். நல்லாருக்குல்ல?"

உன் அண்ணன் சாவி வாங்கித் திறந்து, பாதாளக்கரண்டி போட்டு எடுத்தாக. "இதுக்கு எதுக்குடி மூஞ்சியத் தூக்குற? துணிதானே, இங்கன காய்ஞ்சா சரியாப் போகுது" என்று கொடியில் போட்டாக. நான் மந்திரித்து அம்மன் கயிறு கட்டினேன். மறுநாள் மகிழின் கையில் கயிறு இல்லை. கேட்டதற்கு, "அவளுக்கும் ஒண்ணு வேணுமாம்" என்றாள்.

ஒன்று கேட்கிறேன், கோவிக்காதே. ரெண்டு பாட்டு எழுதினவர்களுக்கு, பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு என்று ஒரு பாட்டு உண்டா? செத்த பிள்ளைக்கு வெளிச்சம் மங்காதுதானே? அது அங்கேயே நிற்கிறது, நான் மட்டும்தான் வருசா வருசம் துணியைப் பெரிசாக்கிக்கொண்டே போயிருக்கிறேனா?

மதினி,
முத்துமாரி

லீட்ஸ்,
5.2.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை எங்கள் துறைக் கூட்டத்தில் மொழிபெயர்த்து வாசித்தேன். மகிழ் சொன்னதையும் சேர்த்து. இருபது வருசமாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், அந்தக் குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் திருத்தாதீர்கள் என்றார். இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கிணற்றில் பூட்டு இருக்கிறது, நீங்களும் இருக்கிறீர்கள். அப்புறம் எனக்கு என்ன பயம்? எழுதிக்கொண்டே இருங்கள்.

உங்கள்,
கயல்

கௌமாரி துணை

கூடலூர்,
14.2.2025

அன்பு கயலுக்கு,

மகிழ் நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ எழுதிக்கொண்டே இரு என்றாய். செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வராது. உன் அண்ணனுக்கும் தெரியாது.

அவுக கம்பத்துக்குப் பழம் ஏற்றிப் போயிருந்தாக. நான் தோட்டத்தில் மகிழுக்குக் காவலாக நின்றேன். காவல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவள் வலைமேல் படுத்தபடியே திரும்பி, "அத்தே, ஒன்னையப் பாக்கணுங்கறா. வலை வழியா பாத்தா ஒன் மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியுதாம். தொறக்கச் சொல்றா" என்றாள்.

திறந்தேன் கயலு.

ஊக்கைக் கழற்றிச் சாவியை எடுத்து, என் கையால்தான் பூட்டைத் திறந்தேன். மகிழ் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டாள். நான் அவளைப் பிடிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னடா சொல்றா, அம்மாவப் பத்திச் சொல்றாளா" என்று உன் பிள்ளையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள், "சத்தம் சின்னதா வருது அத்தே. இன்னும் குனிஞ்சாத்தான் கேக்கும்" என்றாள்.

நான் "குனி" என்றேன்.

அப்போதுதான் மும்முனைக் கரண்ட் வந்தது. கிணற்று மோட்டார் தானாக உறுமி ஓடத் தொடங்கியது. தண்ணீர் அதிர்ந்தது, எனக்கு உணர்வு வந்தது. சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். மகிழின் முழங்கையில் சிராய்ப்பு. அவள் அழவில்லை. என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "அவ போய்ட்டா. நீதான் வெரட்டிட்ட" என்றாள். நான்தான் அழுதேன். பிழைத்த பிள்ளைக்காக அழுதேன் என்று எழுத ஆசை. ஆனால் போனவளுக்காகத்தான் அழுதேன்.

பிள்ளைக்குப் பயம் தெரியாது, அடிபட்டவளுக்குத் தெரியும் என்று எழுதினாய். அந்தக் கிணற்றில் ஒன்றைக் கொடுத்தவள் நான். அவள் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயமே வரவில்லை. சந்தோசமாக இருந்தது. உன் புத்தகத்தில் அதை எந்தப் பாட்டில் போட்டிருக்கிறார்கள்?

இன்று வீரபாண்டிக்குப் போய் அந்தச் சாவியை அம்மன் உண்டியலில் போட்டுவிட்டேன். உண்டியலில் விழுந்ததைத் திருப்பிக் கேட்க முடியாது, அதனால்தான். மகிழை உன் சித்தி வீட்டில் விட்டிருக்கிறேன். அடுத்த தெருதான். நேற்று மத்தியானம் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று செருப்பு மாட்டிக்கொண்டு பாதித் தெரு போய்விட்டேன். உன் சித்தி வாசலில் நின்று, "என்ன மாரி, இந்த வெயில்ல?" என்றாக. திரும்பி வந்தேன்.

இதையும் எழுதாவிட்டால் கணக்கு நேராகாது: கோயிலிலிருந்து வரும் வழியில், ஏழு வயசு அளவில் ஒரு கவுன் எடுத்திருக்கிறேன்.

கட்டுரையை அப்புறம் எழுதிக்கொள். வந்து உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. பூட்டை உடைக்க ஒரு கல் போதும். அது எனக்குத் தெரியும்.

எந்தத் தேதியில் வருகிறாய் என்று சீக்கிரம் பதில் எழுது.

மதினி,
முத்துமாரி