அவன் பை

அன்புள்ள மச்சாள்,

குசினி முழுக்க வெண்ணெயும் உள்ளியும் மணக்கிறது. வான்கோழி போறணைக்குள் போய் ஒரு மணித்தியாலம் இருக்கும். கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் பை பூரி மாதிரி உப்பி நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வெடிக்காதுதானே மச்சாள்?" என்று என்னை அரித்து எடுத்திருப்பீர்கள். இந்த நத்தாருக்கு அரிக்க ஆளில்லை. அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பைகள் போன கிழமை கனடாவிலிருந்து வந்தன. ஒவ்வொரு வருஷமும் போல உங்கள் மகள்தான் அனுப்பியிருந்தாள். பார்சலில் உங்கள் பெயர் இருக்கிற இடத்தில் இந்த முறை என் பெயர். பார்த்ததும் அழுகை வந்தது. உடைத்துப் பையைக் கையில் எடுத்ததும் சிரிப்பு வந்தது. அந்தப் பையை வைத்துக்கொண்டு யாரால்தான் தொடர்ந்து அழ முடியும்?

முதல்முதல் வான்கோழி சமைத்த அந்த வருஷம் உங்களுக்கு வான்கோழியா முக்கியம்? மாப்பிள்ளைதான் முக்கியம். அத்தான் போன பிறகு தனியாக வளர்த்த ஒரே பிள்ளை. அவளுக்கு வந்த கலியாணப் பேச்செல்லாம் தேத்தண்ணியோடு முடிந்துகொண்டிருந்தது. "இதுவும் தப்பினா இனி நான் ஆரையும் கூப்பிட மாட்டன்" என்று சொல்லிக்கொண்டே, வருகிறவருக்காகக் கதவுக்கெல்லாம் பெயின்ற் அடித்தீர்கள். கனடாவிலிருக்கும் உங்கள் தங்கச்சி பார்த்து அனுப்பிய பெடியன் அவர். பெண் வீட்டில் தங்குவது அழகில்லை என்று பக்கத்து வளவில் எங்கள் வீட்டில் தங்கவைத்தோம். நல்ல பிள்ளை, ஆனால் வாய் திறக்காத பிள்ளை. உங்கள் மகளும் அப்படியே. இரண்டு பேரும் எங்கள் விறாந்தையில் எதிரெதிரே இருந்து, துறைமுகத்தில் நிற்கிற கப்பலைப் பற்றி ஆளுக்கொரு வசனம் பேசிவிட்டு முடித்துக்கொண்டார்கள்.

நத்தார் மத்தியானச் சாப்பாட்டில்தான் காரியத்தை முடிப்பது என்று நீங்கள் கிண்ணியாக் கோழி வியாபாரி காக்காவிடம் வான்கோழி வாங்கினீர்கள். கோழி, மாடு, கணவாய் என்று எதையும் விட்டுவைக்காத கை உங்களுடையது. ஆனால் வான்கோழி புதிது. தங்கச்சியிடம் செய்முறை கேட்டீர்கள். நத்தார் காலையில் என் மனுசன், அதுதான் உங்கள் தம்பி, பெடியனையும் மகளையும் பூசைக்குக் கூட்டிப்போன நேரம் பார்த்து தங்கச்சியின் குரல்பதிவு போனில் வந்தது. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தீர்கள்.

"வந்திருக்கிற தம்பி நல்ல பிள்ளை அக்கா, உறைப்பைக் குறைச்சுப் போடு. அவரிட்டச் சாமான் குடுத்துவிட்டனான். முதல்ல அவன் பைக்குள்ள ஒரு கரண்டி மா போட்டு நல்லாக் குலுக்கு. இல்லாட்டி வெடிச்சிடும், சொல்லிப்போட்டன்."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம்.

"அவன்ர பையில என்ன இருக்கு வெடிக்க?" என்றேன்.

"சார்ஜ் போடுற பற்றி கிற்றி ஏதும் இருக்கும் மச்சாள். கனடாச் சாமான்தானே. இங்கத்தை ஈரக் காத்துக்கு ஒத்துவராதாக்கும். மா எண்டா ஈரத்தை இழுக்கும்."

"அவர் இவர் எண்டு கதைச்சுக்கொண்டு வந்தவள் திடீரெண்டு அவன் எண்டுறாளே?"

"அவளின்ர தமிழ் கனடாவில கிழிஞ்சு போச்சு. 'அவன்ர பை' எண்டு சொல்லக்கூடத் தெரியேல்ல, பாருங்கோவன்!"

எனக்காவது விளங்கியிருக்க வேண்டாமா? ஆனால் பை என்ற சொல்லையும் வெடிக்கும் என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்டால், இந்த ஊரில் சண்டைக்காலம் கண்ட எங்கள் வயதுக்காரருக்கு இலக்கணம் நினைவுக்கு வராது. நீங்கள் என் மா ரின்னைத் தூக்கிக்கொண்டு பெடியன் தங்கியிருந்த அறைக்குள் போனீர்கள். ஒரு கரண்டிதான் போட நினைத்தீர்களாம். அவருடைய பையின் சிப்பைத் திறந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அலுமாரிக் கண்ணாடி அதிர, கையிலிருந்த ரின் அப்படியே கவிழ்ந்தது. சொன்ன சொல் தப்பாமல் அதற்குப் பிறகும் பையைக் குலுக்கினீர்களே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு தங்கச்சிக்குக் குரல் அனுப்பினீர்கள். "மா போட்டுக் குலுக்கியாச்சு. இனி வான்கோழிய என்ன செய்ய?"

"அந்தப் பைக்குள்ளயே வைச்சுக் கட்டு" என்று பதில் வந்தது.

"அடியே, அதுக்குள்ள வான்கோழி கொள்ளாதடி! உடுப்பெல்லாம் கிடக்கு!"

உடனே போன் அடித்தது. "உடுப்போ? ஆற்ற உடுப்பு?" என்று கேட்டாள். நீங்கள் விளக்கினீர்கள். பிறகு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரல்: "அக்கா, அவன் எண்டா இங்கிலீசில போறணையக்கா! போறணைக்குள்ள வைக்கிற பையக்கா!"

அந்தப் பைகள், பெடியன் கொண்டுவந்த பார்சலோடு உங்கள் வீட்டு மேசையில்தான் கிடந்தன. அயலுக்குக் கேக் சுற்றிக் கொடுக்க நல்ல கண்ணாடிப் பேப்பர் என்று எடுத்து வைத்திருந்தீர்கள். வான்கோழியை வெண்ணெய் பூசி ஒன்றுக்குள் வைத்துக் கட்டினீர்கள். "என்ர பிள்ளையின்ர கலியாணத்தை நானே மாவில புரட்டிப்போட்டன்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு முட்டியது. உங்கள் முகத்தைப் பார்த்து அடக்கினேன்.

பூசை முடிந்து வந்த பெடியன் உடுப்பு மாற்றப் போனார். வெளியே வரும்போது கையில் ஒரு காற்சட்டை. அது ஒரு காலத்தில் கறுப்பு.

"ஆன்ரி, என்ர பைக்குள்ள..."

நான் வாயைத் திறக்க முதல் நீங்கள் எல்லாவற்றையும் ஒப்புவித்தீர்கள். அவன், போறணை, பற்றி, கப்பல், ஒன்றும் விடவில்லை. அவர் ஆறுதலாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்ல காலம். நான் திரும்பிப் போற அண்டைக்குப் போட்டிருந்தா, எயார்போட்டில ஒரு பை வெள்ளைத் தூளோட என்னை உள்ள வைச்சிருப்பாங்கள்."

உங்கள் மகள் சிரித்தாள் பாருங்கள்! கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. பிறகு முற்றத்தில் அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்து ஒவ்வொரு உடுப்பாக உதறினார்கள். உதறி முடிக்க இவ்வளவு நேரமா என்று உங்கள் தம்பி எட்டிப் பார்க்கப் போனார், நான் பிடித்து இழுத்து இருத்தினேன். வான்கோழி எலும்பை விட்டுக் கழன்று வரும் பதத்தில் வெந்திருந்தது. அதை அவர்கள் இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் கலியாணம்.

இந்தக் கதையை நாங்கள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் ஒரு துண்டை நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அறைக்குள் போக முதல் நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கேற்றுக்கு வெளியே றோட்டில் நிறுத்தினீர்கள். "நான் கூப்பிடுமட்டும் உள்ள வரப்படாது" என்றீர்கள். இரண்டடி போய்த் திரும்பி, "எனக்கு ஒண்டு நடந்தா பிள்ளைய நீங்கள்தான் பாக்க வேணும், என்ன?" என்றீர்கள். நான் ஓம் என்றேன்.

அது என் வீடு, என் விருந்தாளி. அந்தப் பை வெடிக்கும் என்று நீங்கள் உண்மையாகவே நம்பினீர்கள். என்னை வெளியே விட்டுவிட்டு நீங்கள் உள்ளே போனீர்கள். பிறகு வந்த சிரிப்பில் இது எனக்கே மறந்துபோனது. உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து கேற்றைத் திறந்தபோதுதான் நினைவு வந்து, அந்த இடத்திலேயே நின்று அழுதேன்.

இப்போதுதான் உங்கள் மகள் கனடாவிலிருந்து போன் எடுத்தாள். "மாமி, மா போட்டனீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தாள். பாதியில் அந்தச் சிரிப்பு உடைந்துபோனது. "இனி நத்தாருக்கு ஆரிட்ட வாறது மாமி?" என்றாள்.

"என்னட்ட வா பிள்ளை" என்றேன். அன்றைக்கு உங்களுக்குச் சொன்ன ஓம் இன்னும் முடியவில்லை, மச்சாள்.