தேதி மாறிய அணிவகுப்பு

அனுப்புநர்:
ம. அருள்பிரகாசம்,
துறைமுகக் கிரேன் டிரைவர்,
கல்மண்டபம் அருகில்,
ராயபுரம், சென்னை–13.

பெறுநர்:
உயர்திரு படைவீரர் நல அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: இராணுவப் பயிற்சிக் கல்லூரியின் நிறைவு அணிவகுப்புத் தேதி மாற்றம் எங்களுக்கு உரிய காலத்தில் தெரிவிக்கப்படாதது, எங்கள் மகன் பாஸ்கல் இப்போது இருக்கும் இடத்தை விசாரித்துச் சொல்ல வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நடந்த தவறுக்கும் தங்கள் அலுவலகத்திற்கும் சம்பந்தமில்லை என்பதை அறிவேன். வடக்கே உள்ள அக்கல்லூரி அலுவலகத்தில் தமிழ் படிப்பார் இல்லை என்பதால் தங்களை நாடுகிறேன்.

2. எங்கள் ஒரே மகன் பாஸ்கல், தேசிய மாணவர் படையிலிருந்து தேர்வாகி அக்கல்லூரியில் சேர்ந்தான். பெற்றோருக்கென்று கல்லூரியார் மாதந்தோறும் ஆங்கிலத்தில் ஓர் அச்சுமடல் அனுப்புவார்கள். எங்கள் தெருவில் வசிக்கும் கப்பல் கம்பெனிக் குமாஸ்தா ஜனாப் அத்தாவுல்லா அதைப் படித்துத் தமிழில் சொல்வார். பிள்ளைகளின் சாப்பாடு, ஓட்டப்பந்தயம், குதிரைப் பயிற்சி எல்லாம் அதில் இருக்கும். என் மனைவி இருதயம்மாள் ஒவ்வொரு மடலையும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்பாள்.

3. செப்டம்பர் மடலில், நவம்பர் 20ஆம் தேதி அணிவகுப்பு என்றும், அது முடிந்ததும் அதிகாரியாகும் பிள்ளையின் இரு தோளிலும் நட்சத்திரத்தைப் பெற்றோரே அணிவிப்பது கல்லூரியின் மரபு என்றும் கண்டிருந்தது. அன்று முதல் இருதயம்மாள் என் காக்கிச் சட்டைத் தோளில் பித்தளைப் பொத்தான்களைக் குத்திக் குத்திப் பழகினாள். "கை நடுங்கி புள்ள தோள்ல குத்திட்டேன்னா இன்னா பண்றது?" என்பாள்.

4. நவம்பர் 16ஆம் தேதி ரயில் ஏறினோம். 19ஆம் தேதி காலை கல்லூரி வாசலில் இறங்கினோம். மைதானத்தில் நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காவலில் இருந்தவர் இந்தியில் சொன்னது விளங்கவில்லை. பிறகு சமையற்கூடத்திலிருந்து திருமலை என்னும் வேலூர்க்காரரை அழைத்து வந்தார். அவர், "ஐயா, எல்லைல நெலம சரியில்லன்னு பரேடை பதினேழாந் தேதியே முடிச்சிட்டாங்க. புள்ளைங்க எல்லாம் நேத்தே ரயிலேறிட்டாங்க" என்றார்.

5. என் மனைவி அழவில்லை. "அப்போ நம்ம புள்ளைக்கு யாரு குத்திவுட்டாங்க? அத்த மட்டும் கேளு" என்றாள். பெற்றோர் வராத பிள்ளைகளுக்கு அதிகாரிகளின் மனைவிமார் அணிவித்ததாகத் திருமலை சொன்னார். "அவன் யாரையாச்சும் தேடினானா?" என்று இவள் கேட்டதும் அவர் உள்ளே போய் இருவருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

6. வீடு திரும்பியபோது தேதி மாற்றக் கடிதம் கதவிடுக்கில் கிடந்தது. 12ஆம் தேதியிட்டு, சாதாரணத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் புறப்பட்ட பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறது. தந்தி கொடுத்திருந்தால் உடனே ரயில் ஏறியிருப்போம், இடம் கிடைக்காவிட்டால் வர இயலாது என்று அவனுக்குப் பதில் தந்தியாவது கொடுத்திருப்போம். வருவார்கள் என்று அவன் வாசலைப் பார்த்து நின்றிருக்க மாட்டான்.

7. இம்மாதம் மூன்றாம் தேதி போர் தொடங்கிவிட்டது. கல்லூரி முகவரிக்கு எழுதிய கடிதம், ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. எந்தப் படைப்பிரிவு, எந்த எல்லை என்று யாரும் சொல்லவில்லை. ரேடியோவில் செய்தி தொடங்கினால் இருதயம்மாள் செய்த வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள்.

8. ஆகவே, என் மகனின் படைப்பிரிவையும், அவனுக்குக் கடிதம் எழுதும் முகவரியையும் விசாரித்துத் தெரிவிக்க வேண்டுகிறேன். இனிமேலாவது தொலைவிலுள்ள பெற்றோருக்கு இத்தகைய மாற்றங்களைத் தந்தியில் தெரிவிக்குமாறு கல்லூரியாருக்குத் தாங்கள் எழுத வேண்டும். இம்மனுவை முன்னிட்டு என் மகன் பெயருக்கு எந்தக் குறிப்பும் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ராயபுரம்
நாள்: 10–12–1971

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ம. அருள்பிரகாசம்

பின்குறிப்பு: கையொப்பமிட்ட பிறகு, இன்று மதியம் படைத் தபால் முத்திரையுடன் ஓர் அஞ்சலட்டை வந்தது. பாஸ்கல் நலம், கவலை வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதாக அத்தாவுல்லா படித்துச் சொன்னார். என் மகன் எங்களுக்குத் தமிழில் மட்டுமே எழுதுவான். கையெழுத்தும் அவனுடையது அன்று. படிக்கத் தெரியாத என் மனைவியிடம் 'நலம்' என்பதை மட்டும் சொல்லியிருக்கிறேன். அட்டையை வாங்கி மாதா படத்தின் கீழ் வைத்திருக்கிறாள். ஆகையால் தங்கள் பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல், துறைமுகக் கிரேன் பிரிவுக்கு என் பெயரிட்டு அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.