கொம்பழகி முன்மொழிந்த தீர்மானம்

15 ஆகஸ்ட், செவ்வாய்

கிராம சபை. தலைவர் கொடியேற்றினார், மிட்டாய் கொடுத்தார், இன்னொரு கொடியேற்ற வண்டியில் பறந்துவிட்டார். மிச்சமெல்லாம் ஊராட்சி கிளார்க் மாயக்கண்ணன் கையில். தீர்மான நோட்டை விரித்தார். வெறும் பக்கம்.

"மொதல்ல கையெழுத்தப் போட்டுட்டுக் காராபூந்திய வாங்கிக்கங்க. தீர்மானத்த நான் பொறவு நெதானமா எழுதிக்கிறேன்."

எப்போதும் இப்படித்தானாம். எல்லோரும் வரிசையில் நின்று போட்டார்கள். அம்மாவும் போட்டது. பரீட்சை எழுதுவதற்கு முன்னாலேயே மார்க் போடுகிற இப்படி ஒரு ஆள் எங்கள் ஸ்கூலில் ஏன் இல்லை?

எனக்குப் பதினேழு வயது. ஓட்டு இல்லாதவர்கள் கையெழுத்துப் போடக் கூடாது. நான் போடவில்லை — எங்கள் பசு போட்டது. 'கொம்பழகி, நடுத்தெரு' என்று கைநடுங்குகிற எழுத்தில். யாரும் கவனிக்கவில்லை. அவள் பங்குக்கும் ஒரு பொட்டலம் கிடைத்தது. நான்தான் தின்றேன்.

22 ஆகஸ்ட், செவ்வாய்

ஊருணிக் கரையில் புதுப் பலகை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஊருணி தூர்வாரும் பணி, முடிந்த நாள் ஜூலை 31.

முடிந்ததா? எப்போது? தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். ஜூலையில் நாலு நாள் கரையில் கருவேலஞ்செடி வெட்டினார்கள். அதற்குப் பிறகு அங்கே ஆடு மட்டும்தான் வேலை பார்த்தது. உள்ளே இறங்கிப் பார்த்தேன். பழைய சேறு அப்படியே இருக்கிறது. என் செருப்பில் ஒன்று இப்போது ஊருணிக்குச் சொந்தம்.

தூர் வாரவில்லை. வேறு எதையோ வாரியிருக்கிறார்கள்.

மாயக்கண்ணனிடம் கேட்டேன். "அதான் சபையில நிறைவேத்தியாச்சுல்லத்தா. நீ போயி ப்ளஸ் டூவ நிறைவேத்து." பதில் ரொம்ப வேகமாக வந்தது. வேகமாக வருகிற பதில் ஏற்கெனவே தயார் பண்ணியதாகத்தான் இருக்கும்.

அம்மாவிடமும் கேட்டேன். அம்மாதான் அந்த வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளர். வருகை எடுப்பது, வேலை நடக்கிற இடத்தைப் போட்டோ எடுத்துப் போனில் சர்க்கார் ஆப்பில் ஏற்றுவது எல்லாம் அதன் பொறுப்பு.

"சோத்தத் தின்னு" என்றது.

24 ஆகஸ்ட், வியாழன்

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டேன். பதினெட்டு ஆகாவிட்டாலும் கேட்கலாமாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, காரைக்குடி தபால் நிலையத்தில் பதிவுத் தபால். ஆகஸ்ட் 15 தீர்மானத்தின் நகல் வேண்டும், அவ்வளவுதான். கூட வந்த என் கிளாஸ் சிவபிரகாஷ், "ஒங்க வீட்டுக்குத்தான்டி வம்பு வரும்" என்றான். அவன் மாயக்கண்ணனுக்கு ஒன்றுவிட்ட அக்கா மகன். இனி அவனிடம் எதுவும் சொல்லக் கூடாது.

4 செப்டம்பர், திங்கள்

அம்மா கையில் புதுப் போன். எப்போது வாங்கியது? பழையது நன்றாகத்தானே இருந்தது?

21 செப்டம்பர், வியாழன்

கவர் வந்தது. மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பிரித்தேன்.

'ஊருணி தூர்வாரும் பணி திருப்தியாக முடிவுற்றதென மக்கள் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டனர். முன்மொழிந்தவர்: திருமதி கொம்பழகி.'

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திருமதியாமே! கொம்பழகி அசைபோட்டுக்கொண்டே பார்த்தாள்.

அடுத்த வரி: 'வழிமொழிந்தவர்: திருமதி பாண்டீஸ்வரி.'

அம்மா.

22 செப்டம்பர், வெள்ளி

ஸ்கூலில் கட்டுரைப் போட்டி, 'ஊழலைக் குறைக்கும் வழிகள்'. கடுமையான சட்டம், உடனடித் தண்டனை, நேர்மையான தலைவர்கள் என்று நாலு பக்கம் தள்ளினேன். எல்லாம் முன்பின் தெரியாதவர்களைப் பிடிக்கிற வழிகள். சொந்த அம்மாவைப் பிடிக்க ஒரு வழியும் எழுதவில்லை.

24 செப்டம்பர், ஞாயிறு

கேட்டேவிட்டேன். அம்மா கருவாடு அலசிக்கொண்டிருந்தது.

"நீ எப்பம்மா வழிமொழிஞ்ச?"

"நான் எங்கடி மொழிஞ்சேன்? வெறுந்தாள்லதான போட்டேன்."

"சரி, போட்டோ? வேலையே நடக்காம எதை ஏத்துன?"

ரொம்ப நேரம் அலசியது. அப்புறம் சொன்னது. நாலு நாளில் வேலையை நிறுத்தியாச்சு. பழைய போட்டோவையே திரும்பப் போட்டோ எடுத்து ஏற்றச் சொன்னார் மாயக்கண்ணன். ஊரிலேயே இல்லாத ஆட்கள் பேருக்கெல்லாம் வருகை போடச் சொன்னார். "முடியலைன்னா சொல்லு தங்கச்சி, ஒன் எடத்துல ஒச்சம்மாளப் போட்டுக்கிறேன்" என்றாராம்.

"அந்தப் போனு?"

"தவணைடி. பழசுல அந்த ஆப் ஓட மாட்டேங்குது."

"அவர்ட்ட எதுவும் வாங்குனியா?"

அறை விழும் என்று நினைத்தேன். விழவில்லை.

"வாங்கல. வாங்கலைன்னா மட்டும் யோக்கியமாயிருவேனா?"

நம்பினேனா? பாதி. பெத்த அம்மாவைப் பாதி நம்புறது என்ன ஒரு கருமம்.

1 அக்டோபர், ஞாயிறு

நாளைக்கு அடுத்த கிராம சபை. கொம்பழகிக்கு மாலை போட்டுச் சபைக்கே ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தேன். மாயக்கண்ணன் முகம் எப்படிப் போகும் என்று ஒரு வாரமாக நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் கொம்பழகி போனால் பின்னாலேயே அம்மா பேரும் போகும். அந்த வேலைதான் எங்கள் வீடு. அப்பா திருப்பூரிலிருந்து அனுப்புவது வந்தால் வரும்.

நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கப் போகிறேன். நானும் ஒரு மாயக்கண்ணன்தானா?

2 அக்டோபர், திங்கள்

சபை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து சந்திரலேகா மேடம் வந்திருந்தார். மாயக்கண்ணன் வழக்கம்போல வெறும் பக்கத்தை நீட்டினார். முதலில் அம்மாவிடம். அம்மா வாங்கவில்லை.

"மொதல்ல எழுதி வாசிங்கண்ணே. பொறவு போடுறேன்."

"என்ன தங்கச்சி, புதுப் பழக்கம்?"

"போன தடவ நான் சொல்லாதத எம்பேர்ல எழுதிட்டீகளே."

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னது. ஊருணி வாரவில்லை. பொய்ப் போட்டோ ஏற்றியது நான்தான். இல்லாதவர்களுக்கு வருகை போட்டதும் நான்தான். நடுவில் நிறுத்தவே இல்லை. ஒச்சம்மாள் கத்தினாள்: "இம்புட்டு நாளும் வாயில என்னடி வச்சிருந்த?"

மாயக்கண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "மேடம், இது ஒரு ஆளு பேச்சு. முன்மொழிஞ்சது கொம்பழகிங்கிற பெரியம்மா. நடுத்தெரு. எனக்கு நல்லாத் தெரியும், எங்கிட்ட நேர்லயே வந்து சொன்னாக."

"அவங்க வந்திருக்காங்களா?"

"வயசானவுக மேடம். முடியாம படுத்திருப்பாக."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தது. பேசாதே என்கிற பார்வையா, பேசு என்கிற பார்வையா? எனக்கு இப்போதும் தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

"அது எங்க பசு, மேடம். கையெழுத்து நான் போட்டது."

சபையே வெடித்துச் சிரித்தது. யாரோ, "நேர்ல வந்து ம்மான்னு சொல்லுச்சா மாயக்கண்ணா?" என்றார்கள். மேடம் சிரிக்கவில்லை. பொய்க் கையெழுத்துத் தப்பு என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். அம்மாவும் எழுதிக் கொடுத்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு தீர்மானத்தையும் எழுதி, உரக்க வாசித்து, அப்புறம்தான் கையெழுத்து. மூன்று மணி நேரம் ஆனது. பாதிப் பேர் முணுமுணுத்தார்கள், ஆனால் எழுந்து போகவில்லை. கடைசியில் ஒச்சம்மாள் சொல்லி ஒன்று சேர்த்தார்கள்: நூறு நாள் வேலையில் தினமும் வேலை தொடங்குமுன், அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும் பேர் வாசிக்க வேண்டும்.

12 அக்டோபர், வியாழன்

அம்மாவைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஒரு நகல். மாயக்கண்ணன்மேல் விசாரணையாம், அது முடியும்வரை பக்கத்து ஊராட்சியில் உட்கார்ந்திருப்பார். அங்கே யாராவது நோட்டைப் பார்க்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பத்து ரூபாய் ஸ்டாம்பு இன்னும் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா என்னிடம் பேசவில்லை. நானும் இல்லை.

3 நவம்பர், வெள்ளி

மழை வலுக்குமுன் ஊருணிக்கு வருகிற கால்வாயை வெட்டுகிறார்கள். இன்றைக்கு முதல் நாள். பஸ்ஸுக்குப் போகிற வழியில் நின்றேன். ஒச்சம்மாள்தான் புதுப் பொறுப்பாளர், பேர் வாசித்துக்கொண்டிருந்தாள். அவளையும் நான் முழுசாக நம்பவில்லை, அதனால் தலைகளை எண்ணிக்கொண்டே நின்றேன்.

அம்மா கடைசியில் நின்றது. சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, கையில் மண்வெட்டி. கூட நின்றவர்கள் ஒரு முழம் தள்ளியே நின்றார்கள்.

"பாண்டீஸ்வரி!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னது.

"காதுல விழல. எல்லாருக்கும் கேக்கணும்."

"இருக்கேன்!"

ரோடு வரைக்கும் கேட்டது.